பச்சைக் குருமாவுக்கு ஒரு பாஸ்போர்ட்

‘நம்ம ஊர் டேஸ்ட்டுக்குக் கொஞ்சம் மாத்தியிருக்கோம் சார்.’

சென்னை ஓட்டல்களில் சொல்லப்படும் பொய்களிலேயே மிகவும் மரியாதையான பொய் இதுதான். ‘இட்லி இப்பத்தான் இறக்கினது’ என்பது சின்னப் பொய். ‘அஞ்சே நிமிஷம்’ என்பது பழகிப்போன பொய். ஆனால் இந்த ‘நம்ம ஊர் டேஸ்ட்’ இருக்கிறதே, இது நம் தலையைத் தடவிக்கொடுத்தபடியே சட்டைப் பையில் கைவிடுகிற பொய். உங்களுக்காகத்தான் இப்படிச் செய்தோம் என்கிறது. உங்கள் நாக்கு இவ்வளவுதான் தாங்கும் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

நான் இதைக் கடைசியாகக் கேட்டது ஈக்காட்டுத்தாங்கலில், ஒரு தாய்லாந்து உணவகத்தில். (‘தாய் உணவகம்’ என்று எழுதினால் ஏதோ அம்மா உணவகத்தின் கிளை மாதிரி இருக்கிறது. எனவே தாய்லாந்து என்றே வைத்துக்கொள்வோம்.) கடையின் பெயர் வேண்டாம். ஒரு கடையைத் திட்டுவது என் நோக்கமில்லை. இதே கடை வேறு வேறு பெயர்களில் வேளச்சேரியில் இருக்கிறது, அண்ணா நகரில் இருக்கிறது, உங்கள் தெருமுனையிலும் இருக்கலாம்.

நாங்கள் நாலு பேர். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனர். வாசலில் மூங்கில், உள்ளே ஒரு புத்தர் சிலை, புத்தர் காலடியில் கை கழுவும் திரவம். மெனு கார்டின் முதல் பக்கத்திலேயே ‘அசல் பாங்காக் ருசி’ என்று உறுதிமொழி. அந்த ‘அசல்’ என்ற வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வட்டியோடு வரும்.

முதலில் டாம் யாம் சூப். எலுமிச்சம்புல், பேரரத்தை, எலுமிச்சை இலை, பச்சை மிளகாய், கடைசியில் பிழிந்த எலுமிச்சை என்று மூக்கில் ஏறவேண்டிய தெளிந்த ரசம் அது. தாய்லாந்துக்காரர்களின் மிளகு ரசம் என்றே சொல்லலாம். வந்ததோ தக்காளி சாஸ் நிறத்தில், சோளமாவு போட்டுக் கெட்டியாக்கிய ஒரு திரவம். புளிப்புக்கு வினிகர். மைத்துனர் ஒரு வாய் குடித்துவிட்டு, “மாமா, இது ஹாட் அண்ட் சோர் தானே?” என்றார். சரியான விடை.

அடுத்து சோம் டாம். பப்பாளிக்காயைச் சீவி, உரலில் மிளகாய், பூண்டு, வறுத்த வேர்க்கடலையோடு லேசாக இடித்துச் செய்கிற சாலட். வந்த தட்டில் முட்டைக்கோஸும் கேரட்டும் இருந்தன. பப்பாளிக்காய் எங்கே என்று கேட்டேன். “சீசன் இல்ல சார்” என்றார் சூப்பர்வைசர். பப்பாளிக்கு சீசனா! வருஷம் முழுக்கக் காய்க்கிற மரம் அது. இந்தப் பேட்டையிலேயே எத்தனையோ வீட்டுக் கொல்லையில், யாரும் விதைக்காமல் காக்கா போட்ட விதையில் முளைத்து நிற்கிறது.

கிரீன் கறி வந்தது. மகள் பார்த்த மாத்திரத்தில் “வெஜிடபிள் குருமா” என்றாள். நான் ருசித்துப் பார்த்து “சர்க்கரை போட்ட வெஜிடபிள் குருமா” என்று திருத்தினேன். பேட் தாய் நூடுல்ஸில் புளி இல்லை. புளி இல்லாமல் பேட் தாயா? அந்த நூடுல்ஸின் உயிரே புளி, மீன் சாறு, பனை வெல்லம் மூன்றும்தான். புளியைக் கரைத்துக் கரைத்தே தலைமுறைகள் வளர்ந்த தமிழ்நாட்டில், ஒரு சமையலறையில் புளிக்குப் பதிலாகக் கெச்சப் ஊற்றுகிறார்கள் என்றால், அதை என்ன டேஸ்ட்டுக்கு மாற்றியதாகச் சொல்வது?

அதைத்தான் கேட்டேன். அப்போதுதான் அந்த வசனம் வந்தது. “நம்ம ஊர் டேஸ்ட்டுக்குக் கொஞ்சம் மாத்தியிருக்கோம் சார்.”

இந்த ‘நம்ம ஊர் டேஸ்ட்’டைக் கொஞ்சம் விசாரிப்போம்.

தாய்லாந்துச் சமையலறையில் ‘கா’ என்கிற கிழங்கு இருக்கிறது. அது நம் பேரரத்தை. இருமலுக்குப் பாட்டி வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுத்த சித்தரத்தையின் அண்ணன். பச்சையாகக் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் காய்ந்தது நாட்டு மருந்துக் கடையில் தூங்குகிறது. அவர்கள் கறியில் கிள்ளிப் போடுகிற ‘ஹோரப்பா’, நம் திருநீற்றுப்பச்சிலை இனம். அதன் விதையைத்தான் சப்ஜா என்று சர்பத்தில் போட்டுக் குடிக்கிறோம். ‘கப்ராவ்’ என்று அவர்கள் இறைச்சியோடு வதக்குகிற இலை சாட்சாத் துளசி இனம். நாம் பெருமாளுக்குச் சாத்துகிறோம், அவர்கள் வாணலியில் போடுகிறார்கள். எலுமிச்சை இலையின் வாசனை நமக்குப் புதிதா? எலுமிச்சை இலையையும் நாரத்தை இலையையும் மிளகாய், ஓமம், புளியோடு இடித்து வேப்பிலைக்கட்டி என்று உருட்டி, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிற கூட்டம் நாம்.

தேங்காய்ப்பால் வேண்டுமா? திருநெல்வேலிக்காரர்கள் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி வைத்து மாப்பிள்ளை வீட்டாரை மயக்குகிறவர்கள். காரமான குட்டி மிளகாய்? நாகர்கோவில் பக்கம் காந்தாரி. ஒட்டுகிற அரிசியில் தேங்காயும் சர்க்கரையும்? செட்டிநாட்டு விருந்தில் கவுனி அரிசி. மீன் நாற்றம்தான் பிரச்னை என்றால், கருவாட்டுக் குழம்பு கொதித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற ஊரில் வந்து அதைச் சொல்லலாமா?

ஆக, உலகத்தில் தாய்லாந்துச் சாப்பாட்டைப் புரிந்துகொள்ளச் சிரமமே தேவைப்படாத நாக்கு ஒன்று உண்டென்றால் அது தமிழ் நாக்குதான். புளிப்பு, காரம், உப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் ஒரே இலையில் வேண்டும் என்று கேட்டு வளர்ந்தது. அந்த நாக்கைக் காரணம் காட்டித்தான் கெச்சப் ஊற்றுகிறார்கள்.

‘சரி சார், ஒரு ஊர் சாப்பாடு இன்னொரு ஊருக்குப் போனால் மாறத்தானே செய்யும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாறலாம். மாறியிருக்கிறது. மாறியதை நாம் கொண்டாடியும் இருக்கிறோம்.

பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார் பக்கம் மாலையில் போய்ப் பாருங்கள். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் வியாபாரமும் அரசுடைமையாகி, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்தார்கள். வந்தவர்கள் அத்தோவும் மொய்ஞாவும் வாழைத்தண்டு சூப்பும் போட்டு விற்றார்கள். இன்றைக்கும் கையால் பிசைந்து, புளித்தண்ணீர் விட்டு, பொரித்த வெங்காயம் தூவித் தருகிறார்கள். ரங்கூன் தெருவில் சாப்பிட்ட அதே அத்தோவா இது? இல்லை. சென்னைக்கு வந்து மாறிவிட்டது. ஆனால் மாற்றியவருக்கு மூலத்தின் ருசி தெரிந்திருந்தது. எதை விடுகிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று தெரிந்து மாற்றினார். ‘அசல்’ என்று போர்டு போட்டு அதற்குத் தனி விலை வாங்கவில்லை. மூங்கிலும் வைக்கவில்லை.

கோபி மஞ்சூரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அண்ணனான சிக்கன் மஞ்சூரியன் மும்பையில் 1975-இல் நெல்சன் வாங் கைவண்ணத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். பரவாயில்லை. தள்ளுவண்டிக்காரர் அதை ‘அசல் மஞ்சூரியா ருசி’ என்று சொல்லி 500 ரூபாய் கேட்பதில்லை. நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இது நம் ஊர்ச் சரக்கு என்று. வியாபாரத்தில் இதற்குப் பெயர் நேர்மை.

என் குற்றச்சாட்டு மாற்றியதைப் பற்றியது அல்ல. பாங்காக் என்று விலை போட்டுவிட்டுப் பாண்டி பஜார் குருமாவைக் கொடுப்பதைப் பற்றியது. விலை வாங்கும்போது அசல். கேள்வி கேட்டால் நம்ம ஊர் டேஸ்ட். இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா. நான் படித்தது பி.காம். ஒரே தொகையை வரவிலும் எழுதி, கேட்டால் செலவிலும் காட்டுகிறவனை எங்கள் வாத்தியார் வேறு பெயரில் கூப்பிடுவார்.

ஈக்காட்டுத்தாங்கலுக்கு இது இன்னும் கேவலம். ஏன் என்றால் இது அளவுக்குப் பேர்போன ஊர். 1958-இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையின் மடியில் வளர்ந்த இடம். லேத் பட்டறைகள், டை செய்கிறவர்கள், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் சரக்கு திரும்பி வந்துவிடும் என்று வெர்னியரோடு தூங்கி எழுந்தவர்கள். ஒரு பட்டறையில் போய் 10 எம்.எம். போல்ட் ஆர்டர் கொடுக்கிறீர்கள். அவர் 8 எம்.எம். போல்ட்டைக் கொடுத்து, “நம்ம ஊர் நட்டுக்குக் கொஞ்சம் மாத்தியிருக்கோம் சார்” என்றால் விடுவீர்களா? அதே தெருவில், பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் வந்து, 2015-இல் மெட்ரோவும் வந்து, ஐ.டி. பிள்ளைகளின் சம்பளத்தை நம்பிக் கடை போட்டவர் அதையே செய்கிறார். நாமும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஓட்டல்காரர் பக்கமும் பேசிவிடுவோம். அவர் கஷ்டம் எனக்குத் தெரியாமலில்லை. 2017 நவம்பர் 15 முதல் உணவகங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 5 சதவீதக் கணக்கில், அவர் கடை வாடகைக்கும் வாங்குகிற சரக்குக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுக்க முடியாது. கட்டடக்காரர் போடுகிற 18 சதவீதம் அவர் தலையில்தான். வீட்டுக்கு டெலிவரி செய்கிற கம்பெனிகள் கமிஷனை உருவிக்கொள்கின்றன. சமையல் பொருளுக்கான செலவு விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கடை தேறாது என்பது இந்தத் தொழிலின் பொதுக் கணக்கு. எல்லாம் சரி. ஆனால் முட்டைக்கோஸை விடப் பப்பாளிக்காய் என்ன தங்க விலையா? புளி என்ன இறக்குமதியா? இங்கே மிச்சம் பிடிக்கப்பட்டது பணமல்ல, சிரத்தை. ஒரே வெள்ளைக் குழம்பைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, பச்சைக்கு ஒரு கரண்டி, சிவப்புக்கு ஒரு கரண்டி, மஞ்சளுக்கு ஒரு கரண்டி என்று சாயம் காட்டினால் ஒரு ஆள் போதும். அம்மியும் உரலும் வேண்டாம். சூட்சுமம் அவ்வளவுதான்.

“எங்க ஜனங்க பாதிப் பேரு சைவம் சார், மீன் சாஸ் எப்படி ஊத்தறது?” என்று ஒரு சமாதானமும் உண்டு. இதுவும் எடுபடாது. தாய்லாந்திலேயே சைவச் சமையலுக்குத் தனிப் பெயர் இருக்கிறது, ‘ஜே’ என்று. மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் கிடைக்கும். வருஷத்தில் ஒன்பது நாள் பூக்கெட் தீவில் அதற்கென்று திருவிழாவே நடக்கிறது. மீன் சாஸ் இல்லாமல் செய்யத் தெரிந்தவர்களும் அவர்களேதான். சைவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டு டப்பாவில் வரும் ரெடிமேட் கறி விழுதுகள் பலவற்றில் இறால் விழுது கலந்திருக்கும். ‘ஃபுல் வெஜ் சார்’ என்று சொல்கிற பையனுக்கே அது தெரியாமலிருக்கலாம். விழுது கடையில் அரைத்ததா, டப்பாவா என்று கேளுங்கள். டப்பா என்றால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பையனைப் பற்றித்தான் அடுத்து பேச வேண்டும். எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே கோபம் வந்தது சூப்பைப் பார்த்து அல்ல.

பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர், பரிமாறிய பையனிடம் ஆசையாகக் கேட்டார்: “தம்பி, நீ பாங்காக்கா?” பையன் சிரித்துக்கொண்டே, “இல்ல சார், மணிப்பூர்” என்றான். நல்ல தமிழில். பெரியவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஏமாற்றப்பட்டது போல உணர்ந்தார். அவர் உணர்ந்தது சரிதான். ஆனால் ஏமாற்றியது அந்தப் பையன் இல்லை.

மூங்கில், புத்தர், அப்புறம் இந்தப் பிள்ளைகளின் முகம். மூன்றையும் ஒரே கணக்கில் அலங்காரச் செலவாக எழுதிவிடுகிறார்கள். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, டார்ஜிலிங் என்று எங்கிருந்தோ மூன்று நாள் ரயிலேறி வந்தவர்களை, முகவெட்டு பார்த்து வேலைக்கு எடுத்து, சைனீஸ் கடையில் சீனர்களாகவும், தாய் கடையில் தாய்லாந்துக்காரர்களாகவும் நிற்க வைக்கிறோம். இதே நாட்டுக்காரனை வெளிநாட்டான் என்று விற்று லாபம் பார்க்கிற வியாபாரம். 2012 ஆகஸ்டில் வதந்தி கிளம்பி, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வடகிழக்குப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ரயிலேறினார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2014 ஜனவரியில் டெல்லியில் நிடோ தானியா என்கிற அருணாசலப் பிரதேச மாணவன், முடியையும் தோற்றத்தையும் கேலி செய்ததில் ஆரம்பித்த தகராறில் அடிபட்டுச் செத்தானே? ஒருவரை முகத்தை வைத்து ‘வெளியூரான்’ என்று முடிவு கட்டுகிற பழக்கத்துக்கு ஒரு கோடியில் அந்த அடி இருக்கிறது. இன்னொரு கோடியில் இந்த மூங்கில் கடை இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே கயிறுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மணிப்பூரில் ‘ஙாரி’ என்று புளிக்கவைத்த மீன் இருக்கிறது. அது இல்லாமல் அவர்கள் எரோம்பா கிடையாது. நாகாக்கள் சோயா மொச்சையைப் புளிக்கவைத்து ‘அகுனி’ செய்கிறார்கள். மீன் சாறு, இறால் விழுது, பச்சிலை வாசனை எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சமாசாரம். அந்தக் கடையில் இந்த ருசிக்குக் கிட்டத்தட்டப் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது இருந்தால் அது தட்டு தூக்குகிற அந்தப் பையன்தான். அவனை யாரும் சமையலறைக்குள் கூப்பிட்டு ‘தம்பி, இதில் என்ன குறைகிறது?’ என்று கேட்கவில்லை. அவனுடைய ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரு போர்டு வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. முகம் மட்டும் போதுமாம்.

இனி பில். சாப்பாடு 2,600 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 260. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 5 சதவீத வரி, 143. மொத்தம் 3,003. கவனித்தீர்களா? நாம் விருப்பப்பட்டால் கொடுக்கவேண்டிய டிப்ஸை அவர்களே எழுதிக்கொண்டு, அதற்கும் நம்மிடமே 13 ரூபாய் வரி.

இது கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதியே சொல்லிவிட்டது. எந்த உணவகமும் தானாக பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, தரமாட்டேன் என்றால் வற்புறுத்தக் கூடாது. உணவக சங்கங்கள் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த வழிமுறைகள் சரியே என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் செலவுத் தொகை விதித்தார். அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அதெல்லாம் டெல்லியில். நம் ஊர்ச் சூப்பர்வைசர், “அது ஸ்டாஃப்புக்குத்தான் சார் போகுது” என்றார். அப்படியானால் நானே ஸ்டாஃப்பிடம் கொடுத்துக்கொள்கிறேன் என்றேன். கழித்தார்கள். 2,730 ரூபாய். ஆனால் கழிக்கும்போது ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்குப் பயந்துதான் ஊரில் முக்கால்வாசிப் பேர் பேசாமல் கட்டிவிட்டு வருகிறார்கள். அடுத்த முறை பேசுங்கள். முடியாவிட்டால் 1915 என்று ஒரு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மூன்று நிமிட வேலை.

தாய்லாந்து அரசாங்கம் இந்த விஷயத்தை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறது என்பதையும் பாருங்கள். பேட் தாய் என்கிற நூடுல்ஸையே தேசிய உணவாக ஊக்குவித்தவர் அவர்கள் பிரதமர் பிபுன்சொங்க்ராம். சியாம் என்ற பெயரை 1939-இல் தாய்லாந்து என்று மாற்றிய அதே ஆள். 2002-இல் உலகெங்கும் தாய்லாந்து உணவகங்களைப் பெருக்க அரசே திட்டம் போட்டது. சமையல் முறை சரியாக இருக்கிறதா என்று பார்த்து ‘தாய் செலக்ட்’ என்று முத்திரை தருவது அவர்களுடைய வணிக அமைச்சகம். நம்ம காமர்ஸ் டிபார்ட்மென்ட்! பெயர் என்பது சொத்து, அதைக் கெடுத்தால் நஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பாங்காக் அரச சபையில் ‘திரியம்பாவாய்’ என்று ஒரு சடங்கு. நம் மார்கழித் திருவெம்பாவைதான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. பொருள் மறந்து, உச்சரிப்பு தேய்ந்து, அந்தச் சடங்குக்கான ராட்சத ஊஞ்சலில் ஆடுவதும் 1935-இல் நின்றுபோய், ஆனாலும் அங்குள்ள பிராமணர்கள் அந்தப் பாட்டை நூற்றாண்டுகளாக விடாமல் ஓதி வந்தார்கள். ‘எங்க ஊர் டேஸ்ட்டுக்குக் கொஞ்சம் மாத்தியிருக்கோம்’ என்று சினிமாப் பாட்டு போடவில்லை. நம்முடையதை அவர்கள் அவ்வளவு மரியாதையாக வைத்துக்கொண்டிருக்கும்போது, அவர்கள் சூப்பில் ஒரு துண்டு அரத்தை போட நமக்கு மனசில்லை.

ஓட்டல் முதலாளிகளுக்கு என் கோரிக்கை ரொம்பச் சின்னது. புளியைக் கரையுங்கள், பப்பாளிக்காயைச் சீவுங்கள், விழுதை அரையுங்கள், உள்ளே வேலை செய்கிற பிள்ளைகளை ருசி பார்க்கச் சொல்லுங்கள். நியாயமான விலை போடுங்கள், கொடுக்கிறோம். அது கட்டுப்படியாகாது என்றால் அதுவும் குற்றமில்லை. பெயின்டரைக் கூப்பிட்டு ‘அசல்’ என்பதை அழித்துவிட்டு, ‘சென்னைப் பச்சைக் குருமா, தேங்காய்ப்பால் போட்டது, 150 ரூபாய்’ என்று எழுதச் சொல்லுங்கள். பரோட்டாவுக்கு நன்றாகத்தான் இருக்கும்.